நடுவர் ஏறி வந்த லாரி

திருச்சிப் புலவர் மெய்கண்டானுக்கு எங்கள் ஊரில் பெரிய அநியாயம் நடந்துவிட்டது அக்கா. பட்டிமன்றத்துக்கு நடுவராக அழைத்த மனிதரை, நெல்லறுக்கும் மிஷின் ஏற்றுகிற லாரியின் முதுகில், அவருடைய காரோடு சேர்த்துக் கயிறு போட்டுக் கட்டிக் கொண்டுவந்து, கோயில் மைதானத்தில் ஆயிரம் பேருக்கு முன்னால் நிறுத்தினார்கள். அதற்குக் காரணம் என் அப்பா. அதோ, டீசல் பம்ப் பக்கத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்கிறாரே, அவர்தான். பங்க் நாச்சிமுத்து என்றால் கோபியிலிருந்து சத்தி வரைக்கும் தெரியும்.

திரும்பிப் பார்க்காதீர்கள். பார்த்தால் வந்துவிடுவார்.

உட்காருங்கள் அக்கா. அந்த நாற்காலி வேண்டாம், அது ஆடும். இப்போதுதானே ஒயரை மாட்டியிருக்கிறீர்கள். மைசூர் போகிறேன் என்றீர்கள், திம்பம் மலை ஏற வேண்டும், அத்தனை கொண்டை ஊசி வளைவும் ஏறுவதற்கு முக்கால் பாட்டரிக்கு மேலேயாவது இருந்தால்தான் நிம்மதி. திரும்பி வரும்போது கவலையில்லை, இறக்கத்தில் வண்டி தானே கொஞ்சம் ஏற்றிக்கொள்ளும். எந்தப் பெட்ரோல் காராவது மலையிறங்கும்போது டேங்கை நிரப்பிக்கொண்டது உண்டா? இதை நான் மேடையில் சொன்னபோது விசில் பறந்தது. என்ன ஒன்று, இந்தச் சார்ஜர் கொஞ்சம் மெதுவானது. அதுவும் என் அப்பா செய்த அநியாயம்தான். ஆனால் வரிசையாக வருவோம்.

என் பெயர் மோகனப்பிரியா. கோயம்புத்தூரில், பல்கலைக்கழகத்தில், சுற்றுச்சூழல் அறிவியல் முதுகலை படிக்கிறேன். சனி ஞாயிறு இங்கே வந்து இந்தச் சார்ஜரைப் பார்த்துக்கொள்கிறேன். என் தமிழ் கொஞ்சம் மேடைத் தமிழாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். எட்டாம் வகுப்பிலிருந்து பேச்சுப் போட்டிக்குப் போய் வாய் இப்படிப் பழகிவிட்டது. அம்மா சொல்வாள், "கடுகு தீந்து போச்சுன்னு சொல்றதுக்குக்கூட இவளுக்கு முன்னுரை வேணும்" என்று.

இந்தச் சார்ஜர் வருவதற்கு முன்னால் எனக்கும் அப்பாவுக்கும் ஒரு வருஷமாக ஒரே வாதம். பங்கில் ஒரு மின்சாரச் சார்ஜர் வையுங்கள் என்பது என் கட்சி. வைக்க மாட்டேன் என்பது அவர் கட்சி. இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் ஆரம்பித்துவிடுவேன். அவருக்கு வாதமே தெரியாது அக்கா. நான் புள்ளிவிவரம் சொன்னால் அவர் உவமை சொல்வார்.

"புகையே இல்லைப்பா" என்பேன்.

"ஏன் இல்லாம? மேட்டூர்ல நிலக்கரிய எரிச்சுத்தான கரண்டு வருது? அடுப்பக் கொண்டுபோய் அடுத்த ஊட்டு வாசல்ல வெச்சுப்போட்டு எங்கூட்ல பொகையே இல்லீங்கன்னு சொல்ற மாதிரிதான்" என்பார்.

"நம்ம ஊர்ல காத்தாடி இருக்குதுப்பா, சூரிய ஒளி இருக்குது. வருஷா வருஷம் நிலக்கரி குறையும். அதுவுமில்லாம ஒரு புகைபோக்கிக்கு வடிகட்டி மாட்டலாம். லட்சம் வண்டிக்கு மாட்ட முடியுமா?"

"பாட்டரிக்கு மண்ணத் தோண்டறாங்களே, அது ஆரு ஊட்டு மண்ணு?"

"பெட்ரோலுக்கு மட்டும் பூமியைத் தோண்டலையா?"

"சரி அம்மிணி. உன்ற ஸ்கூட்டிக்கு என்ன போடறே?"

பாருங்கள், இதுதான் அவருடைய கீழ்மட்ட உத்தி. பேசுகிற பொருளை விட்டுவிட்டுப் பேசுகிறவளைப் பிடிப்பது. ஆமாம், என் ஸ்கூட்டி பெட்ரோல் வண்டிதான். ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் இந்தப் பங்கிலேயே நிரப்பிக்கொண்டுதான் கோயம்புத்தூர் போகிறேன். ஆனால் நன்றாக ஓடுகிற வண்டியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குவதும் சுற்றுச்சூழலுக்குக் கேடுதானே? புதிதாக ஒரு வண்டி செய்ய எவ்வளவு இரும்பு, எவ்வளவு பாட்டரி? அதனால் கொள்கையை முன்னிட்டுத்தான் அந்த ஸ்கூட்டியை விடாமல் வைத்திருக்கிறேன். இதை அப்பாவிடம் விளக்கினேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே சிரித்தார். சிரிப்பு எதிர்வாதம் ஆகுமா?

ஒரு நாள் மட்டும் அவர் சிரிக்கவில்லை. அன்று என் வாதம் அவ்வளவு கூர்மை. எங்கள் தாத்தா, அப்பாவின் அப்பா, மாட்டு வண்டியின் அச்சில் தடவுகிற மை விற்றவர். அதை எடுத்தேன். "லாரி வந்து உங்கப்பாவோட மையைத் தின்னுச்சு. நீங்க பெட்ரோலுக்கு மாறினீங்க, பிழைச்சீங்க. இப்பக் கரண்ட் வந்து உங்க பெட்ரோலைத் தின்னப் போகுது. இன்னும் பதினைஞ்சு வருஷத்துல இந்தப் பங்க்ல மாடுதான் கட்டலாம்" என்றேன். அப்பா தட்டில் பாதிச் சோறு இருக்கும்போதே எழுந்து கை கழுவிக்கொண்டு, பங்கில் போய் இருட்டில் ஒவ்வொரு பம்பாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா என்னை முறைத்தாள். நான் என்ன செய்ய? வாதத்தில் வென்றால் எதிராளி எழுந்து போகத்தான் செய்வார்.

அப்படி இருக்கும்போதுதான் மாரியம்மன் பொங்கல் வந்தது.

எங்கள் ஊர்ப் பொங்கலில் ஒரு நாள் பட்டிமன்றம் கட்டாயம். பட்டிமன்றச் செலவு முழுக்க அப்பாவின் உபயம். இந்த வருஷம் தலைப்பை நான்தான் கொடுத்தேன். "மின்சாரக் கார்: வரமா? வம்பா?" கோயில் கமிட்டிக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மேடைக்குப் பின்னால் தொங்கிய துணியில் அந்தத் தலைப்பு; அதற்குக் கீழே அதைவிடப் பெரிய எழுத்தில் "உபயம்: நாச்சிமுத்து பெட்ரோல் பங்க்". வரம் என்கிற அணிக்குத் தலைவி நான். வம்பு என்கிற அணிக்குத் தலைவர் வக்கீல் ரத்தினசபாபதி, திருச்சியில் இருப்பவர். நடுவர் புலவர் மெய்கண்டான்.

புலவருக்கு அவருடைய மகன் புதிதாக மின்சாரக் கார் வாங்கிக் கொடுத்திருந்தான். அதில்தான் வருவேன், வக்கீலையும் ஏற்றிக்கொண்டு வருவேன் என்று ஒரே ஆசை. நான்தான் அவரிடம் போனில் பேசினேன். வழியில் கரூரில் சார்ஜர் இருக்கிறதாம், அங்கே ஒரு மணி நேரம் நின்று ஏற்றிக்கொண்டு வரட்டுமா என்று கேட்டார். வயசானவர், வெயிலில் எதற்கு நிற்க வேண்டும் என்று பாவமாக இருந்தது. "கரூர்ல நிக்க வேண்டாம் ஐயா. நேரா எங்க பங்குக்கு வந்துடுங்க. அங்கேயே சார்ஜர் இருக்கு" என்றேன்.

என்ன அக்கா அப்படிப் பார்க்கிறீர்கள்? பொய் இல்லை. அது முன்கூட்டிச் சொன்ன உண்மை. பொங்கலுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. அதற்குள் அப்பாவை வாதத்தில் மடக்கிச் சார்ஜரை வைக்க வைத்துவிடலாம் என்பது என் கணக்கு. அவர் மடங்கவில்லை. இதில் தப்பு யாருடையது, நீங்களே சொல்லுங்கள். நியாயமான ஒரு கோரிக்கையை நியாயமான கால அவகாசத்தில் அவர் ஏற்றிருந்தால் புலவருக்கு அந்த அவமானம் வந்திருக்குமா?

அடடா, கரண்ட் போய்விட்டது. எழுந்திருக்காதீர்கள் அக்கா, இதோ வந்துவிடும். கேட்கிறதா? பின்னால் டுபுடுபு என்று ஓடுகிறதே. ஜெனரேட்டர். உங்கள் வண்டி விளக்கு மறுபடி மினுக்குகிறது பாருங்கள், ஏறுகிறது. டீசலா என்றா கேட்கிறீர்கள்? ஆமாம், டீசல்தான். எங்கள் டீசல்தான். இந்த நிமிஷத்துக்கு உங்கள் மின்சாரக் கார் டீசலில்தான் ஏறுகிறது. இதை ஒரு முரண்பாடு என்று எதிரணி சொல்லும். நான் இடைக்கால ஏற்பாடு என்பேன்.

எங்கே விட்டேன்? புலவர்.

பட்டிமன்றத்தன்று சாயந்தரம் அவர் காரில் இங்கே வந்து சேர்ந்தார். பாட்டரி அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. நான் அப்போது கோயிலில் புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டிருக்கிறேன். அப்பாவும் கோயிலில். பம்பில் நின்ற செல்வியிடம், "சார்ஜர் எங்கம்மா?" என்று புலவர் கேட்டிருக்கிறார். செல்வி நல்ல பெண், உள்ளே ஓடிப்போய்த் தன் போன் சார்ஜரை எடுத்துவந்து, "எந்தப் பின்னுங்க ஐயா வேணும்?" என்று கேட்டிருக்கிறாள்.

புலவர் அப்படியே வண்டியை எடுத்தாராம். கோயிலுக்குப் போய்விடலாம், இரண்டு மைல்தானே என்று நினைத்திருக்கிறார். வாய்க்கால் பாலம் தாண்டியதும் வயலுக்கு நடுவில் கார் நின்றுவிட்டது. வக்கீல் ரத்தினசபாபதி இறங்கித் தள்ளியிருக்கிறார். நினைத்துப் பாருங்கள், மின்சாரக் கார் வம்பு என்று பேச வந்தவர், பேச வேண்டிய அத்தனையையும் கையாலேயே செய்து காட்டிவிட்டார். வம்பு அணிக்கு இதைவிட நல்ல தொடக்க உரை கிடைக்காது. ஆனால் கேட்க அங்கே கொக்குதான் இருந்தது.

கோயில் மைதானத்தில் கூட்டம் நிரம்பிவிட்டது. நடுவர் இல்லை, எதிரணித் தலைவர் இல்லை. பொடிசுகள் மண்ணை வாரி இறைக்க ஆரம்பித்துவிட்டன. கமிட்டித் தலைவர் என்னிடம் ஓடிவந்தார்.

"அம்மிணி, அவங்க வர்ற வரைக்கும் நீ பேசிட்டிரு."

"நடுவர் இல்லாம எப்படிங்க?"

"நீ பேசறதுக்கு நடுவர் எதுக்கு? கொள்ளியப் பத்த வெக்கத் தீப்பெட்டி எதுக்குங்கற மாதிரி. பேசு பேசு."

பேசினேன். எதிரணி இல்லாத மேடையில் பேசுவது எவ்வளவு சுகம் தெரியுமா அக்கா! என் கேள்விக்கு நானே பதில் சொல்லி நானே மறுத்து நானே வென்றேன். கிலோமீட்டருக்கு ஆகும் செலவைச் சொன்னேன், கைதட்டல். ஆயில் மாற்ற வேண்டாம் என்றேன், கைதட்டல். பாட்டரி போனால் கார் விலையில் பாதி ஆகுமே என்று எதிரணி கேட்கும் என்று நானே கேட்டேன். எட்டு வருஷம் உத்தரவாதம் இருக்கிறது என்று நானே அடித்தேன். முன் வரிசையில் உபயதாரர் நாற்காலியில் துண்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த அப்பா, ஒவ்வொரு கைதட்டலுக்கும் தானும் தட்டினார். தன் வியாபாரத்தைத் தானே குழி தோண்டிப் புதைப்பதற்குக் கைதட்டுகிறோம் என்றுகூட அவருக்குப் புரியவில்லை. அவ்வளவுதான் அவர் வாத அறிவு. பக்கத்தில் இருந்தவரிடம் வேறு, "எம்பொண்ணுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

நடுவில் பங்கிலிருந்து அவருக்குப் போன் வந்தது. குனிந்து வாயைப் பொத்திக்கொண்டு பேசினார். "வாய்க்கா பாலமா? நம்ம கோவிந்தன் லாரிய அங்க தாட்டிவுடு. இழுக்கக் கூடாது, மோட்டார் கெட்டுரும்பாங்க. ஆளுகளக் கூட்டித் தூக்கி ஏத்து" என்றாராம். மின்சாரக் காரைச் சக்கரம் உருள இழுக்கக்கூடாது என்பது அவருக்கு எப்படித் தெரியும் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. நான் சாப்பாட்டு நேரத்தில் சொன்னதில் எதையுமே அவர் காதில் வாங்கியதில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

நெல்லறுக்கும் மிஷினை ஏற்றிப்போகும் லாரி அது. பலகையைச் சாய்த்துப் போட்டு, வயலில் இருந்த ஆட்கள் எல்லாம் சேர்ந்து காரைத் தள்ளி மேலே ஏற்றிவிட்டார்கள். வக்கீல் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தார். புலவர் உட்காரவில்லை. பட்டு வேட்டி, பட்டு அங்கவஸ்திரம். அந்தச் சீட்டில் கிரீஸ். "நான் என் காரிலேயே வருகிறேன்" என்று மேலேயே, காருக்குள்ளேயே, முன் சீட்டிலேயே ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டார்.

திருவிழாவுக்காக அந்த லாரிக்குச் சீரியல் பல்பு மாட்டியிருந்தார்கள். வேப்பிலைத் தோரணம் வேறு. அது மைதானத்து முனையில் மெதுவாகத் திரும்பியது. நான் மேடையில், என் உரையின் உச்சத்தில், கையை உயர்த்தி, "மின்சாரக் கார் யாரிடமும் கையேந்தாது! தன் காலில் தானே வரும்!" என்று முழங்குகிறேன்.

கூட்டம் திரும்பியது. தலைக்கு மேலே உயரத்தில், கலர் கலராக விளக்கு மின்ன, கண்ணாடிக்குள் பட்டுடுத்தி அசையாமல் ஓர் உருவம் வருகிறது. பம்பை மேளக்காரர்கள் சாமி புறப்பாடு என்று நினைத்து அடிக்கத் தொடங்கிவிட்டார்கள். முன்னால் இருந்த பெண்கள் எழுந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒரு அம்மா தேங்காயோடு ஓடினார். லாரி கிட்டே வந்ததும்தான், "அட, இது மூக்குக் கண்ணாடி போட்டிருக்குதே!" என்று யாரோ கத்தினார்கள்.

அந்தச் சிரிப்பு, அக்கா. அதை நான் மறக்க மாட்டேன். என் வாழ்க்கையில் நான் தயாரித்த மிக நல்ல வாக்கியம், ஒரு டீசல் லாரிக்குக் கீழே மாட்டி நசுங்கியது.

இதோ அப்பா வருகிறார். ஒன்றும் கேட்காதவர் மாதிரி இருங்கள்.

"டீ எடுத்துக்குங்க. சக்கரை கம்மியாத்தான் போடச் சொன்னேன். பொண்ணு ரொம்பப் பேசுதுங்களா?"

"பேசலைப்பா. விளக்கிட்டிருக்கேன்."

"விளக்கு சாமி, விளக்கு. மெதுவாக் குடிங்க, அவசரமே இல்லை."

போய்விட்டார். பார்த்தீர்களா, எவ்வளவு சாதுவாகப் பேசுகிறார்! இவர் அன்றைக்குச் செய்ததைக் கேளுங்கள்.

புலவர் மேடை ஏறினார். முகம் சிவந்திருந்தது. உட்காரக்கூட இல்லை, மைக்கைப் பிடுங்கினார். "தீர்ப்புக்கு முன்னால் எனக்கு ஒரு நீதி வேண்டும். கரூரில் நிற்க வேண்டாம், எங்கள் பங்கிலேயே சார்ஜர் இருக்கிறது என்று எனக்குப் போனில் சொன்னவர் இந்த மேடையில் இருக்கிறார். அந்தச் சார்ஜர் எங்கே?"

ஆயிரம் கண்ணும் என் மேல். நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். முன்கூட்டிச் சொன்ன உண்மை என்பதைக் கூட்டத்துக்குப் புரியும்படி எப்படித் தொடங்கலாம் என்று ஒரு நொடி யோசித்தேன். ஒரே ஒரு நொடி.

அதற்குள் அப்பா எழுந்துவிட்டார். துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, "சார்ஜர் இருக்குதுங்க புலவரே. பழுதாப் போச்சுன்னு நாந்தான் நேத்துக் கழட்டி அனுப்பிட்டேன். பொண்ணுக்குத் தெரியாது. தப்பு எம்பேர்லதானுங்க. மன்னிச்சுக்குங்க" என்றார்.

எப்படி இருக்கிறது அக்கா? கோயில் வாசலில், மாரியம்மன் கதவு திறந்திருக்க, எதிரே நின்றுகொண்டு, வாய் கூசாமல் அப்படி ஒரு பொய்! கூட்டம் சும்மா விடுமா? "பெட்ரோல் விக்கறவரு வேணும்னேதான் கழட்டியிருப்பாரு!" என்று ஒருவர். "வயசானவர வயக்காட்டுல நிக்க வெச்சுட்டீங்களே நாச்சிமுத்து!" என்று இன்னொருவர். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டு நின்றார். இந்த ஊரில் அதுவரை யாரும் அவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. தேவையா அவருக்கு? என்னைப் பேச விட்டிருந்தால் புலவரையே மடக்கியிருப்பேன். எனக்கு வந்த அரிய வாய்ப்பைக் கெடுத்ததும் அவர்தான்.

தீர்ப்பா? எந்த நடுவர் ஒரு பக்கம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்? "மின்சாரக் கார் வரமே! ஆனால், லாரி வைத்திருக்கும் நண்பர் பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும்!" என்றார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. வரம் என்றதால் நான்தான் வென்றேன் என்பது என் வாதம். "ஆனால்" என்றதால் வம்பு அணிதான் வென்றது என்று வக்கீல் போகும்போது சொல்லிவிட்டுப் போனார். அவர் கையெல்லாம் சேறு. அவரோடு என்ன வாதம்.

மறுநாள் காலையில் அப்பா கோயிலுக்குப் போய்ப் பூவாக்குக் கேட்டாராம். எங்கள் பக்கத்து வழக்கம் அது: வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று, தனித்தனியாக இலையில் பொட்டலம் கட்டி அம்மன் முன்னால் வைத்து, மனசில் இருப்பதைக் கேட்டு, ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் அம்மனுக்குச் சம்மதம். சிவப்பு வந்தால் இல்லை. "உன்ற வாசல்ல பொய் சொல்லிப்போட்டேன் தாயே, மன்னிச்சு விடறியா?" என்று கேட்டாராம். சிவப்பு வந்துவிட்டதாம். அம்மா சொன்னாள். மன்னிக்கவில்லை என்றால் பொய்யை மெய்யாக்கித்தானே தீர வேண்டும் என்று பூசாரியிடம் சொல்லிவிட்டு வந்தாராம்.

அடுத்த வாரமே சார்ஜர் வந்துவிட்டது. நீங்கள் மாட்டியிருக்கிறீர்களே, இதே சார்ஜர்தான். எலுமிச்சம்பழம் சுற்றி, தேங்காய் உடைத்து, முதல் வண்டியாகத் திருச்சியிலிருந்து புலவரையே அழைத்து ஏற்றிவிட்டார்.

அம்மா பூவால்தான் சார்ஜர் வந்தது என்கிறாள். நான் அறிவியல் படிக்கிறவள், பூவை நம்பச் சொன்னால் எப்படி? ஒரு வருஷம் நான் அடித்த அடி, கடைசியில் அம்மியும் நகர்ந்தது. அவ்வளவுதான் விஷயம். ஆனால் அதை அவர் வாயால் சொல்ல வேண்டாமா? "உன் வாதம்தான் சரி மோகனா, நான் தோற்றுவிட்டேன்" என்று ஒரே ஒரு வரி. அதற்காக மாதக்கணக்கில் அவர் பின்னாலேயே சுற்றுகிறேன். கேட்டால், "அதா ஒரு கார் வந்துருச்சு, போ" என்பார். இன்னொரு சந்தேகமும் எனக்கு. சார்ஜர்காரர்கள் அரை மணியில் ஏற்றுகிற வேகமான ஒன்றைக் காட்டினார்கள். விலையிலும் பெரிய வித்தியாசம் இல்லை. இந்த மனிதர் அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, இந்த ஆமையைப் பிடித்து வைத்திருக்கிறார். வாடிக்கையாளர்கள் காய்ந்துபோகிறார்கள். இது என்ன வியாபார அறிவு?

உங்கள் வண்டி பாதி தாண்டிவிட்டது அக்கா. இன்னும் நேரம் இருக்கிறது. கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், முடிக்கப் போகிறேன்.

இன்று காலையில், நீங்கள் வருவதற்குச் சற்று முன்னால், அவரை இதோ இந்த நாற்காலியில், ஆடுகிற நாற்காலியில், பிடித்து உட்கார வைத்துவிட்டேன். பங்கில் ஒரு வண்டி இல்லை. தப்பிக்க வழியில்லை. "ரெண்டே கேள்விப்பா. ஒண்ணு, என் வாதத்தை ஒத்துக்கிட்டுத்தானே சார்ஜர் வெச்சீங்க? ரெண்டு, வேகமானது இருக்கும்போது ஏன் மெதுவானதை வாங்கினீங்க? பதில் சொல்லிட்டுத்தான் எந்திரிக்கணும்" என்றேன்.

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சாலையைப் பார்த்தார். தூரத்தில் உங்கள் கார் திரும்பிப் பங்குக்குள் வருவதைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது பாருங்கள், அக்கா. எழுந்து என் தலையில் கையை வைத்துச் சொன்னார்:

"பெட்ரோல் போட வர்றவங்க டேங்க் மூடியத் தொறந்து மூடறதுக்குள்ள போயர்றாங்க கண்ணு. உன்ற பேச்சுக்கு அது எந்த மூலைக்குப் பத்தும்? இத்தன வருசமா சோத்துத் தட்ட முன்னால வெச்சுக்கிட்டு நான் ஒருத்தனேதான் முழுசாக் கேட்டேன். இப்பப் பாரு, ஒவ்வொருத்தரா வந்து, ஒயர மாட்டி, எந்திரிச்சுப் போக முடியாம உக்காந்துக்கறாங்க. வேகமானதும் இருந்துச்சு அம்மிணி. நாந்தான் மெதுவானதாப் பாத்து வாங்கினேன்."